நம் வீட்டுச் சத்தம் யாருடையது?

 



பெருநாளோ, கல்யாணமோ, பள்ளிக்கூட விடுமுறையோ நெருங்கும்போது வாலிபர்கள் சிலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “ஹஜ்ரத், வீட்டில் கரோக்கி மெஷின் வாங்கி வைக்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.” சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் ஒன்று, வயர் இல்லாத மைக் இரண்டு. டிவியில் பாட்டின் வரிகள் ஓடும், ஸ்பீக்கரில் இசை மட்டும் வரும், பாடுவது நாம். இதுதான் அந்தச் சாதனம். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

‘கரோக்கே’ என்பது ஜப்பானியச் சொல். ‘கரா’ என்றால் காலி. ‘ஓகே’ என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் சுருக்கம். பாடகரின் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் வெறும் வாத்தியம் என்று பொருள். 1971-ல் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்ற வாத்தியக்காரர் இந்தச் சாதனத்தைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. ஆக, இது பிறந்த இடம் வீடு அல்ல. பிறகு 1980-களில் அந்த நாட்டில் பழைய சரக்குக் கன்டெய்னர்களைத் தனி அறைகளாக மாற்றி, பாட விரும்புகிறவர்கள் அதற்குள் போய்ப் பாடிக்கொள்ளும் வழக்கம் வந்தது. நாமோ அதைக் கூடத்துக்கே கொண்டுவந்து விட்டோம்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இசைக்கருவிகள் விஷயத்தில் நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான இமாம்களும் கூடாது என்றே சொல்லியிருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்றவர்கள் மாற்றுக் கருத்து சொல்லி, ஆதாரமான ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி வாதம் செய்தது உண்மை. பெருநாள் அன்று ஆயிஷா நாயகி (ரலி) வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது நாயகம் (ஸல்) விட்டுவிடச் சொன்னதையும் புகாரீயில் படிக்கிறோம். ஆனால் அது சிறுமிகளின் குரல். கரோக்கியிலோ குரல் போய் வாத்தியம் மட்டும்தான் மிச்சம். என் கருத்து பெரும்பான்மை இமாம்களின் கருத்துதான். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இன்று நான் பேச வந்தது அது அல்ல. “கூடும்” என்ற பதிலை எங்கேயோ கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கும், “நாங்கள் சினிமாப் பாட்டு பாடுவதில்லை, இஸ்லாமியப் பாடல்தான்” என்கிறவருக்கும், “பிள்ளை கிராஅத் ஓதிப் பழகுகிறது, அதற்குத்தான் மைக்” என்கிறவருக்கும் சேர்த்து ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்குள் நான் எழுப்பும் சத்தம் என்னுடையதுதானா?

நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தார்கள். தோழர்கள் சத்தமாகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) திரையை விலக்கினார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ரப்பிடம் அந்தரங்கமாகப் பேசுகிறீர்கள், ஆகவே ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காதீர்கள், ஓதுவதில் ஒருவர் குரலை மற்றவர் குரலுக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். இடம் அல்லாஹ்வின் வீடு. ஓதப்படுவது அல்லாஹ்வின் வேதம். ஓதுகிறவர்கள் ஸஹாபாக்கள். கேட்பவர்களும் ஓதுகிறவர்கள்தான், தூக்கம் கெட்ட நோயாளிகள் அல்ல. அப்படியும் திரை விலகியது. அந்தப் பேச்சில் ‘தொந்தரவு’ என்ற வார்த்தை வந்தது. சொல்லப்படுவது நல்லதா என்பது ஒரு கேள்வி. அது அடுத்தவர் காதில் பலவந்தமாக விழுகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவது தானாகவே தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம்.

உமர் (ரலி) அவர்களின் சம்பவமும் இதே வகைதான். இரவுத் தொழுகையில் அவர்கள் உரக்க ஓதினார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, தூங்கி விழுபவர்களை எழுப்புகிறேன், ஷைத்தானை விரட்டுகிறேன் என்றார்கள். எவ்வளவு நல்ல நிய்யத்! அப்படியிருந்தும் நாயகம் (ஸல்), சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மெதுவாக ஓதிய அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சற்று உயர்த்துங்கள் என்றார்கள். நிய்யத் சரியாக இருந்தாலும் சத்தத்துக்கு ஒரு அளவு உண்டு.

மிக்தாத் (ரலி) சொல்வதைக் கேளுங்கள். முஸ்லிமில் வருகிறது. நாயகம் (ஸல்) இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியாகவும் தூங்குகிறவர் எழுந்துவிடாதபடியும் ஸலாம் சொல்வார்கள். ஸலாம் சொல்வதற்கே இவ்வளவு கவனம்!

இப்போது அந்தச் சாதனத்துக்கு வருவோம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று புரியும். பாட்டில் கீச்சென்ற மெல்லிய ஒலியும் உண்டு, திம் திம் என்ற கனத்த ஒலியும் உண்டு. ஸ்பீக்கரில் ‘பேஸ்’ என்று எழுதியிருப்பது இந்தக் கனத்த ஒலி. சுவர் மெல்லிய ஒலியை ஓரளவு தடுத்துவிடும். கனத்த ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. ஸ்பீக்கர் நேராகத் தரையில் இருந்தால் கான்கிரீட் தளமே அதிர்ந்து கீழ்வீட்டுக்குக் கடத்தும். ஆக, பாடுகிற வீட்டில் பாட்டு கேட்கிறது. பக்கத்து வீட்டுக்கு வார்த்தையும் போவதில்லை, ராகமும் போவதில்லை. இடி மட்டும் போகிறது. நமக்கு இனிப்பு, அவருக்கு அதன் சக்கை. “நல்ல பாட்டுதானே, அவர்களும் கேட்கட்டுமே” என்று சிலர் சொல்வதில் அர்த்தமே இல்லை. நாகூர் ஹனிபாவின் பாடலானாலும் சுவருக்கு அப்பால் போவது அந்தத் திம் திம்தான்.

இன்னொன்று, பாடுகிறவருக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது. இசை கூடினால் குரல் கேட்கவில்லை என்று மைக்கைக் கூட்டுவார். மைக் கூடினால் இசை அடங்கிவிட்டது என்று இசையைக் கூட்டுவார். மைக் ஸ்பீக்கருக்கு நேரே போனால் காதைக் கிழிக்கிற ஓர் ஊளை கிளம்பும். பிள்ளைகளுக்கு அது சிரிப்பு. மேல்மாடியில் கைக்குழந்தையை இப்போதுதான் தூங்கவைத்த தாய்க்கு?

“ஹஜ்ரத், என் வீடு, நான் வாங்கிய சொத்து” என்று சொல்லலாம். நம் ஃபுகஹாக்கள் இந்தப் பேச்சை நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். தன் வீட்டுக்குள்ளேயே பெரிய அடுப்பு போட்டு ஓயாமல் புகை விடுகிறவர், மாவு ஆலை வைக்கிறவர், துணியை இடித்து வெளுக்கும் தொழில் செய்து அண்டைச் சுவரை அதிரவைக்கிறவர், இவர்களைப் பற்றியெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. இடம் உன்னுடையதுதான், ஆனால் புகையும் அதிர்வும் உன் எல்லைக்குள் நிற்கவில்லையே என்பதுதான் அங்கே விவாதம். தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழி அதற்கு அடிப்படை. சத்தம் புகையைப் போலத்தான். ஜன்னலைத் திறந்தால் போய்விடும் புகையாவது பரவாயில்லை.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை இரவுக் கணக்கு. தனியார் வீட்டு ஒலிச்சாதனத்தின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. இதைச் சொல்லும்போது பள்ளிவாசல் ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. பாங்கு என்பது அழைப்பு. அது வெளியே கேட்கத்தான் வேண்டும். ஒரு மணி நேர பயானுக்கு உள் ஸ்பீக்கர் போதும். திரையை விலக்கிச் சொன்ன அந்த வார்த்தை முதலில் பள்ளிவாசலுக்குள் இருந்தவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது.

ஆனால் பத்து மணி என்ற எல்லையோடு நம் கடமை முடிந்துவிடாது. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்குப் பகல் பதினொரு மணிதான் நடுநிசி. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாலை ஏழு மணி முக்கியம். சட்டத்துக்கு இவர்களைத் தெரியாது. அண்டை வீட்டாருக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் நிம்மதியாக இல்லையோ அவர் ஈமான் கொண்டவரல்ல என்று நாயகம் (ஸல்) மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னது, அண்டை வீட்டார் முஸ்லிமா இல்லையா என்று பார்த்தல்ல. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள்.

“நாங்கள் கேட்டுவிட்டோம், அவர்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள்.” அடிக்கடி வரும் பதில் இது. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். யார் கேட்டார்கள்? எப்போது கேட்டார்கள்? ஸ்பீக்கரை இறக்கி வைத்து, விருந்தாளிகள் வந்த பிறகு, கையில் பிரியாணி டப்பாவோடு போய், “கொஞ்ச நேரம் பிள்ளைங்க பாடுவாங்க, தொந்தரவு இல்லையே?” என்று கேட்டால் அந்த மனிதர் வேறு என்ன சொல்வார்? “பரவாயில்ல பாய், பிள்ளைங்கதானே!” வெட்கத்தால் வருகிற சம்மதம் சம்மதமல்ல என்பது உலமாக்கள் சொன்ன பாடம். சபை நடுவில் ஒருவரிடம் கேட்டு, மறுக்க வெட்கப்பட்டு அவர் கொடுத்த பணம், பறித்த பணத்துக்குச் சமம் என்று எச்சரித்திருக்கிறார்கள். மனம் ஒப்பிக் கொடுத்தால்தான் ஒருவரின் பொருள் அடுத்தவருக்கு ஹலால். தூக்கம் பொருளைவிட மலிவானதா? நாம் எண்ணிக்கையில் அதிகமாக வாழும் தெருவில் இது இன்னும் கனம். அங்கே தனியாக இருக்கிற ஒரு குடும்பம் “முடியாது” என்று சொல்லத் துணியுமா?

இசை கேட்டது பாவமென்றால், அது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. ஓர் இரவு அழுது தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிக்கப் போதுமானவன். அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தது ஹுகூகுல் இபாத், அடியார்களின் உரிமை. அதை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, அடுத்தவர்களுக்குச் செய்த அநீதிக்காக நன்மைகளையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்பவரைத்தான் நாயகம் (ஸல்) திவாலானவர் என்றார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அண்டை வீட்டில் ஒரு செருப்புத் தைப்பவர் இருந்தார். பகலெல்லாம் உழைப்பார், இரவில் குடித்துவிட்டு உரக்கப் பாடுவார். இமாமவர்கள் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இரவு வணக்கம் செய்தார்கள். ஒருநாள் சத்தம் வரவில்லை. விசாரித்தால், இரவுக் காவலர்கள் பிடித்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. சுப்ஹு தொழுதுவிட்டுக் கோவேறு கழுதையில் ஏறி ஆளுநரிடம் போய் அவரை விடுவித்தார்கள். அந்த மனிதர் பிறகு தவ்பா செய்தார் என்று கதீப் அல் பக்தாதீ எழுதுகிறார். இந்தச் சம்பவத்தைப் பாடுகிற வீட்டார் அண்டை வீட்டாருக்குச் சொல்லிப் பொறுமை கேட்கக்கூடாது. சத்தம் வருகிற வீட்டின் பக்கத்தில் இருக்கிறவர், போலீசுக்கு போன் போடும் முன் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது.

ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டவர்களுக்குச் சில வார்த்தை. பொதுச்சுவரை ஒட்டியோ மூலையிலோ வைக்காதீர்கள். மூலையில் பேஸ் இன்னும் கூடும். தரையில் வைக்காமல் கனமான ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். பால்கனிப் பக்கம் திருப்பாதீர்கள். பேஸ் திருகைக் கீழே இறக்குங்கள். முதலில் மைக்கை வைத்துவிட்டு, இசையை அதற்குக் கீழே அடக்குங்கள், மாற்றி அல்ல. கிராஅத் பழகும் பிள்ளைக்கு எக்கோ வேண்டாம். மக்ரஜ் சரியாக வருகிறதா என்று உஸ்தாதுக்கே தெரியாமல் போய்விடும்.

பிறகு, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் மகனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். முறையாக அனுமதி கேட்டு, அவர்களுடைய தாயார் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு முழுப் பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருங்கள்.