சூலை தந்த தொண்டு

நம் சமயக் கதை கேட்க வரும் ஒரு தம்பி எப்போதும் கடைசி வரிசையில், வாசல் ஓரமாகத்தான் உட்காருவார். ஒருநாள் முன்னால் கூப்பிட்டேன். கையைக் கூப்பி மறுத்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் காதோடு சொன்னார்: "பெருங்குடல்ல புண் சாமி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகணும். ரத்தமும் போகுது. எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைத் தேடுறதுக்கு முன்னால கழிப்பறையைத்தான் தேடறேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திருவதிகையை நினைத்துப் பாருங்கள். தருமசேனர் என்று பெரிய பெயர் வாங்கிய அப்பர், சூலை என்னும் வயிற்று நோய் தாங்காமல் இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியாரிடம் வருகிறார். அம்மையார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பாடிய முதல் பதிகத்தின் முதல் பாட்டிலேயே குடலைப் பேசுகிறார். டாக்டரிடம் சொல்லவே நாம் மென்று விழுங்குகிற சொல்! சந்நிதியில் அது தேவாரம் ஆயிற்று.

நோய் தீர்ந்ததும் சும்மா இருந்தாரா? உழவாரத்தைக் கையில் எடுத்தார். கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அவரும் சம்பந்தப் பெருமானும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். தன் வயிற்று வலி அறிந்தவர், அடுத்தவர் வயிற்றுக்காகக் கையேந்தினார். முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டார். பாதம் தேய்ந்தது, கையூன்றித் தவழ்ந்தார், கையும் தேய, மார்பால் நகர்ந்தார்.

"அப்பருக்குத் தீர்ந்துடுச்சு சாமி. எனக்குத் தீரலையே?" என்றார் தம்பி.

நியாயமான கேள்வி. அவருக்கு இங்கிலாந்துப் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவைச் சொன்னேன். 1992-ல் அவருக்கும் இதே பெருங்குடல் புண் நோய் வந்தது. 1997-ல் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் துடுப்பை விடவில்லை. 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் தங்கம்! ஓய்வு பெற்றபின், 2006 லண்டன் மராத்தானில் 42 கிலோமீட்டர் ஓடி, அறப்பணிக்கென்று சுமார் 18 லட்சம் பவுண்டு திரட்டினார். நோய் விடைபெறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

'நான் ஓடுகிறேன், நீங்கள் பணம் போடுங்கள்' என்பது அந்த ஊர் வழக்கம். நம் ஊரில் காவடி எடுப்பவர் வீடு வீடாக மடிப்பிச்சை கேட்பதில்லையா? உடம்பை வருத்திக் கேட்கும்போது, கேட்பவருக்குக் கூச்சம் போகிறது. கொடுப்பவருக்கு மனம் இளகுகிறது.

எல்லாரும் ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நோய் சீறுகிற நாளில் எழுந்து குளிப்பதே ஒரு கயிலை யாத்திரைதான். மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். நெற்றியில் திருநீறு இருக்கட்டும், வேளைக்கு மாத்திரையும் இருக்கட்டும்.

போன மாதம் உழவாரப் பணிக்கு அந்தத் தம்பி வந்திருந்தார். பன்னிரண்டு கோயில்களில் புல் செதுக்குவதாகச் சங்கல்பமாம். கோயிலுக்கு இவ்வளவு என்று நண்பர்கள் தருகிற பணம், இதே நோயுள்ள ஒரு சிறுமியின் மருந்துச் செலவுக்கு.

"வாசலை ஒட்டின நந்தவனத்தை எனக்குக் குடுங்க. குடல் புண்ணு, அடிக்கடி ஓடணும்" என்று எல்லார் முன்னாலும் உரக்கவே கேட்டார். ஒரு பெரியவர் தன் உழவாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள் பிராகாரத்துக்கு நடந்தார்.

திருச்சிற்றம்பலம்.