வெற்றித் தெய்வத்தின் பெயரும் வாசலில் கழற்றிய செருப்பும்

நைக்கி என்ற விளையாட்டுக் காலணி நிறுவனத்தின் பெயர் ஒரு கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர். கிரேக்கர் நிக்கே என்று அழைத்த அவள், போர்க்களத்துக்கும் விளையாட்டுக் களத்துக்கும் இறகு விரித்துப் பறந்து வந்து வென்றவருக்கு வாகை சூட்டுபவள். அவள் பெயரைத் தாங்கிய காலணியை இன்று உலகெங்கும் போட்டு நடக்கிறார்கள். சேற்றிலும் தாரிலும் மிதிக்கிறார்கள். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள தமிழருக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. தெய்வத்தின் பெயரைச் செருப்புக்கு வைக்கலாமா? வைத்தால் தெய்வம் தாழ்கிறதா, செருப்பு உயர்கிறதா?

நிறுவனம் தொடங்கியபோது அதற்கு இந்தப் பெயர் இல்லை. 1964-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஃபில் நைட் என்ற இளைஞரும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 'புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் வியாபாரம் ஆரம்பித்தார்கள். ஜப்பானின் கோபே நகரத்து ஒனிட்சுகா நிறுவனம் செய்த 'டைகர்' காலணிகளை வரவழைத்து விற்பதுதான் தொழில். ஓட்டப் பந்தயம் நடக்கும் ஊர்களுக்கு நைட் காரில் போவார். டிக்கியைத் திறந்து வைத்து அங்கேயே விற்பார். பவர்மன் கைவேலைக்காரர். மாணவர்களின் ஷூக்களைப் பிரித்துப் பார்த்து, எடையைக் குறைத்து, மறுபடி தைத்துக் கொடுப்பவர். 1971-இல் அவர் வீட்டில் வாஃபிள் சுடும் இரும்பு அச்சில் ரப்பர் கலவையை ஊற்றிப் பார்த்தார். அச்சு ஒட்டிக்கொண்டு பாழாயிற்று. ஆனால் கட்டம் கட்டமாகத் தரையைப் பிடிக்கும் சோல் ஒன்றுக்கான எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது. நிறுவனத்தைப் பின்னாளில் தூக்கி நிறுத்தியதும் அந்தச் சோல்தான்.

ஒனிட்சுகாவோடு உறவு கசந்து, சொந்தமாகச் சரக்கு செய்து விற்க வேண்டி வந்ததும் அதே 1971-இல்தான். அதற்கு ஒரு பெயர் வேண்டும். நைட்டுக்குப் பிடித்திருந்தது 'டைமென்ஷன் சிக்ஸ்'. நிறுவனத்தின் முதல் முழுநேர ஊழியரான ஜெஃப் ஜான்சனின் கனவில் வந்தது நைக்கி. ஆலைக்குப் பெயர் சொல்லியனுப்ப வேண்டிய அவசரத்தில், அரை மனத்தோடு நைட் இரண்டாவதை ஏற்றார். கரோலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி 35 டாலர் கூலிக்கு வரைந்து தந்த வளைகோடு சின்னமாயிற்று. தெய்வத்தின் இறகாகப் பலரும் அதைக் காண்கிறார்கள். 1978-இல் நிறுவனமே நைக்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆக, யாரும் வணங்கி வைத்த பெயரல்ல அது. நிக்கேயின் கோயில்களில் வழிபாடு ஓய்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மனம் புண்பட அவளுக்குப் பக்தர் இல்லை. தமிழின் வெற்றித் தெய்வம் கொற்றவை. கொற்றம் என்றாலே வெற்றி. தொல்காப்பியத்தின் புறத்திணையில் அவளுக்கு இடமுண்டு. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி அவளைச் சிலம்பும் வீரக்கழலும் அணிந்த காலோடு காட்டுகிறது. அவள் பெயரில் செருப்பு விற்க எந்தத் தமிழ் வணிகரும் துணியமாட்டார். கொற்றவையின் வழியில் வந்த காளியும் துர்க்கையும் இன்னும் தெருத்தெருவாகக் கோயில் கொண்டிருக்கிறார்கள். வடசென்னையின் திருவொற்றியூர்க் கோயிலுக்குள்ளேயே காளியாகிய வட்டப்பாறை அம்மனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. கும்பிட ஆள் இருக்கும்வரை தெய்வத்தின் பெயர் வெறும் சொல்லாவதில்லை.

பெயர்களை இடுகுறி, காரணம் என்று நன்னூல் பிரிக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்கிறது. ஜெர்மனியில் அடி டாஸ்லர் 1949-இல் தம் பெயரைச் சுருக்கி அடிடாஸ் என்று வைத்தது அசல் கருத்தாவாகுபெயர்: செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆயிற்று. அவரோடு சண்டையிட்டுப் பிரிந்த அண்ணன் ருடால்ஃப் 1948-இல் தொடங்கிய புமா, பாயும் விலங்கை உவமையாக்கியது. ஒனிட்சுகா 1977-இல் ஆசிக்ஸ் ஆனபோது, நலமான உடலில் நலமான ஆன்மா என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்துப் பெயராக்கிக்கொண்டது. நைக்கி இந்த வகைகளுக்குள் வராது. அந்தத் தெய்வம் அந்தச் செருப்பைச் செய்யவில்லை. செருப்பு அவளைப் போலவும் இல்லை. அந்தப் பெயர் ஒரு வாக்கு. இதைப் போட்ட கால் வெல்லும் என்று அது சொல்கிறது. மந்திரத்துக்கும் தாயத்துக்கும் உள்ள வேலையைப் பெயருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

செருப்பையும் நிக்கேயையும் கிரேக்கரே ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் குன்றில் அதீனா நிக்கேயின் சிறு கோயிலைச் சுற்றி எழுப்பிய கைப்பிடிச் சுவரில், கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய சிற்பம் அது. இறகுள்ள நிக்கே ஒற்றைக் காலைத் தூக்கி, குனிந்து, வலக்கையால் செருப்பு வாரைத் தொடுகிறாள். மெல்லிய ஆடை மடிப்பு மடிப்பாகச் சரிகிறது. வாரைச் சரிசெய்கிறாள் என்பாரும் உண்டு; புனித இடத்தில் நுழையுமுன் கழற்றுகிறாள் என்பாரும் உண்டு. தமிழ்க் கண்ணுக்கு இரண்டாவதுதான் சட்டென்று தெரியும். தெய்வமே ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றத்தானே வேண்டும்.

பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் கும்பிட வடசென்னை முழுவதிலுமிருந்து கூட்டம் வரும். கோயில் வாசல்களில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் தருவது ஒரு டோக்கன். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த ஷூவும், வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். உள்ளே போனவர் திரும்பி வரும்வரை இரண்டுக்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

செருப்பை வாசலில் நிறுத்தும் இதே மரபு, சில செருப்புகளைத் தலைமேல் வைக்கிறது. பெருமாள் கோயிலில் கும்பிடுகிறவர் தலையில் வைக்கும் சடாரியின் உச்சியில் இருப்பவை திருவடி நிலைகள். வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைகளை மட்டுமே பாடுபொருளாக்கி 1008 சுலோகங்கள் இயற்றினார். திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்தில் பத்தில் ஏழு குறள்கள் தாளையோ அடியையோ சொல்கின்றன. பாதுகை புனிதமானது யாருடைய பாதம் பட்டது என்பதால். அதன்மேல் ஒரு பெயர் எழுதியிருப்பதால் அல்ல.

கண்ணப்பர் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே செருப்பும் வேடனுடையது, காலும் வேடனுடையது. காளத்தி மலையில் லிங்கத்தின் மேல் கிடந்த பழைய பூக்களைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டு இறைச்சியைப் படைக்கிறார் திண்ணன். ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் துடித்துப்போகிறார். அவர் கனவில் வந்து இறைவன் சொல்வதாகச் சேக்கிழார் பாடுவது வியப்பானது: அன்பு வெள்ளமாகப் பெருகி வந்து என்மேல் விழுந்த அந்தச் செருப்படி, என் பிள்ளை முருகனின் இளம் பாதத்தைவிடச் சிறந்தது. தீட்டு என்று கருதிய பொருளையே கொண்டு அன்பை அளந்த இதுபோன்ற இடம் பக்தி நூல்களில் அரிது.

பெயரும் உருவமும் மட்டும் தெய்வமாகிவிடா என்பதை ஆகம வழக்கமே காட்டும். சிற்பி கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து, காலால் அணைத்துப் பிடித்துத்தான் செதுக்குகிறார். அப்போதே அதற்கு அம்மன் முகம் வந்திருக்கும். கண் திறந்து, பிரதிட்டை ஆன பிறகுதான் அதே சிற்பியும் எட்டி நின்று கைகூப்ப வேண்டும். இந்தக் கணக்கில் நைக்கியின் பெயர் பிரதிட்டை ஆகாத கல்.

எல்லாச் சமயங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இஸ்லாத்தில் எழுதப்பட்ட இறைநாமத்துக்கே மதிப்பு உண்டு. 1997-இல் நைக்கி ஒரு வகை ஷூவின் பின்புறம் 'ஏர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தீச்சுடர் போன்ற வடிவத்தில் போட்டது. அது அரபியில் அல்லாஹ் என்று எழுதியதைப் போல் இருப்பதாக முஸ்லிம்கள் வருந்தினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 38,000 ஜோடிகளைத் திரும்பப் பெற்றது. வரைந்தவர்கள் மனத்தில் அப்படியொரு எண்ணம் இருந்திராது. ஆனாலும் பார்ப்பவருக்கு அது நாமமாகத் தெரிந்தால் காலில் போட முடியாது. பெயர் என்பது எழுதுகிறவருடையது மட்டுமல்ல, வாசிக்கிறவருடையதும்தான்.

அதன்பின் அமெரிக்காவில் ஒரு கலைக்குழு நைக்கி ஷூக்களை வாங்கி மாற்றியமைத்து விற்றது. 2019-இல் ஜோர்தான் ஆற்று நீரைச் சோலுக்குள் அடைத்த 'இயேசு ஷூ'. விலை 1,425 டாலர். இயேசு தண்ணீர்மேல் நடந்ததைச் சொல்லும் மத்தேயு 14:25-ஐக் குறித்த எண். 2021-இல் 'சாத்தான் ஷூ', 666 ஜோடி, சோலுக்குள் ஒரு துளி மனித ரத்தம். இரண்டாவதற்குத்தான் நைக்கி வழக்குப் போட்டது. நைக்கி காற்றை அடைத்து விற்ற சோலில் புனித நீரையும் அடைக்கலாம் என்றால், புனிதம் பொருளுக்குள் ஊற்றி வைக்கும் சரக்காகிவிடுகிறது. வாங்குகிறவர் நடக்கவேகூட வேண்டியதில்லை.

ஷூவைச் செய்தவர்கள் இந்தப் பேச்சில் எங்கும் வருவதில்லை. நைக்கிக்குச் சொந்தத் தொழிற்சாலை மிக அரிது. ஆசிய ஒப்பந்த ஆலைகளில் செய்து வாங்குவதுதான் அதன் முறை. 1990-களில் அந்த ஆலைகளின் குறைந்த கூலியும் கட்டாய மிகைநேர வேலையும் வெளியே தெரிந்து உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தம் சரக்கின் பெயரே அடிமைக் கூலிக்கு இன்னொரு பெயராகிவிட்டது என்ற பொருளில் 1998-இல் நைட்டே பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் நைக்கிக்கு ஷூ செய்யும் பெரிய ஆலைகள் தைவானின் ஃபெங் டே குழுமத்துடையவை. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் அது காலூன்றியது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். வெட்டிய துண்டுகளை ஒட்டுவதும் தைப்பதும் அவர்கள் கை. அந்த வளைகோட்டை ஷூவில் வைத்துத் தைக்கும் பெண்ணின் பெயருக்கு அதில் இடமில்லை. கருத்தாவாகுபெயர் என்ற சொல் உண்மையில் அவளுக்குத்தான் உரியது.

ஏற்றுமதிச் சரக்கின் கன்டெய்னர்கள் போகும் துறைமுகங்கள் வடசென்னையில் இருக்கின்றன. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே உள்ள சாத்தாங்காட்டில் லாரி ஓயாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தையும் இங்கேதான். கம்பிக்கட்டும் தகடும் ஏற்றி இறக்கும் லோடுமேனுக்குக் காலணி என்பது பத்து விரலும் தப்புவதற்கான வழி. கீழே சிதறிய இரும்புச் சீவல் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும். ஆயுத பூசையன்று கிரேன் கொக்கிக்கும் எடைமேடைக்கும் லாரிச் சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அதே ஆபத்தில் ஆளைக் காப்பாற்றும் சேஃப்டி ஷூவுக்கு ஒரு பொட்டு வைப்பதில்லை. அதைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் பூசைக்கு வருகிறார்கள். கருவிகளுக்குள்ளும் ஒன்றை ஒதுக்கி வைத்த பழக்கம் இது. தோலைத் தொடுகிறவரை ஒதுக்கிய சமூகம் தோலையும் ஒதுக்கியது. ஊர்த்தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளை கடன் வாங்கி ஒரு பேர்போன ஷூவைப் போட்டு நிமிர்ந்து நடந்தால், அதைப் பகட்டு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சாத்தாங்காடு என்ற ஊர்ப்பெயரில் கேட்கும் சாத்தன் என்பது ஐயனாரின் பழம்பெயர்களில் ஒன்று. திருநெல்வேலிச் சீமையில், பாபநாசம் மலையின் காரையாறு பகுதியில் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயனாக வழிபடப்படுகிறவன் முத்துப்பட்டன். பிராமணனான அவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுப் பெண்களைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியையும் பூணூலையும் அறுக்க வேண்டும், செருப்புத் தைத்து விற்க வேண்டும். பட்டன் அப்படியே செய்து அவர்களை மணக்கிறான். மாட்டுக் கிடையைக் காக்கப் போய்த் திருடரோடு மோதி இறக்கிறான். மனைவியர் உடன் தீப்பாய்கிறார்கள். நா. வானமாமலை பதிப்பித்த இந்த வில்லுப்பாட்டுக் கதையில், பெண்கள் பிறப்பால் பிராமணரே என்று மாற்றிச் சொல்லும் வடிவமும் உண்டு. பின்னால் யாரோ மனம் பொறுக்காமல் சேர்த்த ஒட்டு அது. கதையின் உயிர் அந்தத் தையலில் இருக்கிறது. பட்டன் குத்தூசியைக் கையில் எடுத்தபோதுதான் பழைய பட்டன் போய்ப் புதியவன் ஆனான்.

பட்டவராயனுக்குப் பக்தர்கள் நேர்ந்துகொண்டு கொடுக்கும் காணிக்கை தோல் செருப்பு. சந்நிதியில் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. யார் தைத்தார், என்ன விலை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை வருகிறவர்கள் செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறார்கள். புதிதாகக் கட்டிய செருப்பு தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும் என்பது நம்பிக்கை. இரவில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவலுக்குப் போய்வந்திருக்கிறான்.