பரங்கிமலைப் படிகள்



கல்யாணத்துக்கோ, வைத்தியத்துக்கோ, சரக்கு விஷயமாகவோ நம் அனுப்பர்பாளையத்திலிருந்து சென்னைக்குப் போகாத குடும்பம் அரிது. போனவர்களில் எத்தனை பேர் பரங்கிமலை ஏறினீர்கள்? அடுத்த பயணத்தில் அரைநாள் ஒதுக்கி ஏறுங்கள்.

மலை பெரிதல்ல, உயரம் சுமார் 300 அடி. மரநிழலினூடே கற்படிகள் மேலே செல்கின்றன. உச்சியில் 1523-ம் ஆண்டு போர்த்துக்கேசியர் எழுப்பிய தேவமாதா கோவில். 1547-ல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இன்றும் பீடத்தில் இருக்கிறது. ஆண்டவருடைய காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் விசுவசிக்க மறுத்த அர்ச். தோமையார், அதே ஆண்டவருக்காகக் கி.பி. 72-ல் இம்மலையில் ஈட்டியால் குத்துண்டு மரித்தார் என்பது வழிவழியாய் வந்த பாரம்பரியம். உச்சியில் நின்றால் பட்டணம் கண்முன் விரிந்து கிடக்கும்.

இவ்வளவையும் கண்டு இறங்குகையில், உங்கள் காலின்கீழ் உள்ளதைக் கவனியுங்கள். அந்தப் படிகளைப் போட்டவர் குருவுமல்ல, அரசருமல்ல, ஒரு வியாபாரி. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மேனியர். கோட்டைப் பக்கமிருந்து மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்கவேண்டுமே என்று, 1726-ல் சைதாப்பேட்டையில் தம் பணத்தில் பாலமும் கட்டினார். அந்தப் பாலம் போய் வேறு பாலம் வந்துவிட்டது. படிகளில் ஜனங்கள் இன்றும் ஏறுகிறார்கள்.

நம் ஊரும் தொழிலால் பிழைக்கிற ஊர். பாத்திரப் பட்டறையும் பனியன் கம்பெனியும் நமக்குச் சோறு போடுகின்றன. நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஞாயிறு காலையில் நீங்கள் பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது, உங்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பூசை உண்டா? வெளிமாநிலத்திலிருந்து வந்து, காய்ச்சலாய் அறையில் கிடக்கும் பையனை யார் போய்ப் பார்த்தீர்கள்?

“சரக்குக் கப்பலேற வேண்டுமே, சாமி!” என்பீர்கள். உஸ்கானும் கடல் வாணிபம் செய்தவரே. கப்பலின் அவசரம் அவர் அறியாததல்ல.

நாம் மட்டும் மோட்சமேறப் பார்ப்பது போதாது. பிறர் ஏறவும் படி போடவேண்டும். இந்த வாரமே ஒரு படி போடுங்கள். வேலையாளுக்கு ஞாயிறு ஓய்வு கொடுங்கள். அது முடியாத வாரத்தில், கூலி பிடிக்காமல் இரண்டு மணி நேரம் பூசைக்கு விடுங்கள். வேலை கொடுக்கிற நிலையில் இல்லாதவர்கள், அடுத்த வீட்டுப் பாட்டியைக் கைபிடித்துக் கோவிலுக்கு அழைத்து வாருங்கள். அதுவும் படிதான்.

அர்ச். தோமையாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.