மருந்து எங்கே நின்றுவிடுகிறது?

தன்னல நோக்குடன் செய்யப்பட்ட நன்மை நன்மையாகுமா என்னும் வினாவை ஒழுக்கவியல் நூல்களில் நாம் படித்திருக்கிறோம். அங்கே அது அரசர்களையும் வள்ளல்களையும் பற்றியது. நாம் கற்பிக்கும் இரத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களில் அது ஒரு புழுவைப் பற்றியது.

அமெரிக்க றொக்பெல்லர் நிதியம் 1916 இல் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்துகொண்ட களம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இப்புழுவின் குஞ்சு, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குச் செல்கிறது. அங்கே கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கிறது. முட்டைகள் மலத்தோடு மண்ணை அடைகின்றன. நிழலும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் மீண்டும் அதே சுற்று. மலசலகூடமில்லாத லயன், நிழல்மரம் நின்ற தேயிலைச் சரிவு, செருப்பில்லாத கால்: புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

இரத்தம் குன்றியவளுக்கு மூச்சு வாங்கும், கை ஓடாது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப்பேர்', அதாவது அரைநாட் கூலிதான். சோம்பேறி என்ற பட்டம் வேறு. (1902 இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று இப்புழுவுக்கே 'சோம்பேறிக் கிருமி' என்று பெயர் சூட்டியது. அங்கும் அப்பட்டத்தைச் சுமந்தோர் தென்மாநிலங்களின் ஏழைகளே.)

இயக்கத்தார் தோட்டத்துரைமாரிடம் எடுத்துரைத்த நியாயம் யாது? புழு நீங்கிய கூலியாள் கூடுதலாக வேலை செய்வான் என்பதே. மருந்து கொடுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் குடித்தனர், புழுக்கள் வெளியேறின. இதை நாம் குறைத்து மதிக்கவில்லை. குடலுக்குள் சென்ற மருந்திடம், உன்னைக் கொடுத்தவனின் நோக்கம் என்னவென்று புழு விசாரிப்பதில்லை. ஆகவே நோக்கத்தை ஆராய்வது வீண்வேலை என நண்பர் சிலர் வாதிப்பர்.

நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. நோக்கம் மருந்தின் குணத்தை மாற்றாது; ஆனால் மருத்துவம் எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மலசலகூடம் கட்டும் செலவு என்றதும் துரைமார் பலர் பின்வாங்கினர். மருந்து குடித்தவர் அதே மண்ணில் நடந்து அதே புழுவை மீண்டும் பெற்றனர். பழியோ அவர்களுடைய 'அசுத்தப் பழக்கத்தின்' மேல் விழுந்தது. இல்லாத மலசலகூடத்தைப் பயன்படுத்தாமை எங்ஙனம் ஒருவரின் பழக்கமாகும்?

இது மலைநாட்டின் தனிக்கதையன்று. உழைப்பாளரை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து வேலைவாங்கிய தேசங்களிலெல்லாம் நோயின் கோலம் உழைப்பின் கோலத்தையே ஒத்திருக்கிறது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் பாறைத்தூள் நுரையீரலைத் தழும்பாக்கியது; அத்தழும்பில் காசநோய் எளிதாகப் பற்றியது. நலிந்தவரைச் சுரங்கம் ஊருக்கு அனுப்பியது. நோயும் உடன் சென்றது. 1940 இல் நேற்றாலின் பொலேலாவில் சுகாதார நிலையம் அமைத்த சிட்னி, எமிலி கார்க் தம்பதியர் நோயாளியோடு நிற்காமல் அவருடைய வீட்டையும் உணவையும் ஆராய்ந்தனர். கறுப்பின மக்களிடையே சிபிலிஸ் பரவியதற்கு, ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்த புலம்பெயர் கூலிமுறையே காரணமென்று 1949 இல் சிட்னி கார்க் எழுதினார். பிறர் ஒழுக்கக்கேடு என்றதை அவர் கூலிமுறை என்றார். தூசி நோயுற்ற சுரங்கத் தொழிலாளருக்கான இழப்பீட்டு உடன்படிக்கையை ஜொகன்னஸ்பேர்க் உயர்நீதிமன்றம் அங்கீகரித்ததோ 2019 இல். அதற்குள் பலர் மண்ணுக்குள் போயிருந்தனர்.

சுகமான தொழிலாளி கூடுதல் கிலோ பறிப்பாள் என்ற வாதத்தை நம் பக்கத்து மேடைகளிலும் கேட்பதுண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அது உதவக்கூடும். ஆனால் செக்றோலில் பேர் வெட்டப்பட்டு, லயக் காம்பராவின் இஸ்தோப்பில் இருமியபடி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவி அக்கணக்கின் எந்தப் பத்தியில் வருவாள்?