நாலரை மணி முடிவு

கோலசிலாங்கூரில் பனிக்காலம் கிடையாது. ஆனால் நவம்பர், டிசம்பரில் இரவெல்லாம் மழை கொட்டி, விடியற்காலையில் ஈரக்காற்று வீசும்போது, திறந்தவெளி நீச்சல் குளத்தோரம் நிற்கும் பிள்ளைக்கு அது பனிக்காலம்தான். போதாததற்கு, 1982 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். டிசம்பரில் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் தலைகாட்டுகிறது. அக்கா மகளை ஷா ஆலாமுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக நாலரைக்கே எழுப்ப வேண்டும்.

"மாமா, மழை பெய்யுதே, இன்னிக்கு வேணாமே" என்பாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

இதே மழைச் சத்தம் கேட்டால் எங்கள் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். பெஸ்தாரி ஜெயா பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில், அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர் அவர். வெயில் ஏறுமுன், மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, மங்குக் கிண்ணத்தில் சேராமல் வீணாகும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று 1990-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ததே, அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இந்த மழையும் இருந்தது.

ஆகவே அம்மா இருட்டில் எழுந்ததை ஊக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வயிற்றுப்பாடு. அதைச் சொல்லிக் காட்டிப் பேத்தியைக் கூசவைப்பது அநியாயம். இன்றைக்கு வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொல்ல முடிகிறதென்றால், அந்த உரிமையைச் சம்பாதித்துக் கொடுத்தவரே அம்மாதான்.

ஆனால் அம்மாவிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். படுக்கப் போகுமுன் வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்ப்பார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். இடுப்பில் தொங்கவிடக் கொசுவத்தி டின், பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, தலைவிளக்கு எல்லாம் கதவோரம் வரிசையாக இருக்கும். விடிகாலையில் அவர் யோசித்து நின்று நான் பார்த்ததில்லை. யோசனையெல்லாம் முதல்நாள் இரவே முடிந்திருக்கும்.

மனித உடம்பின் சூடு விடிவதற்கு முந்தைய மணி நேரங்களில்தான் மிகவும் தாழ்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் 'எதற்கு இந்த நீச்சல்' என்று தோன்றினால், அது உடம்பின் முனகல். நாமோ அதை மனசின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். போட்டிக் குளத்துத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை இழுக்கும் என்பதால், இறங்கும்போது குளிர் நிஜமாகவே வலிக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு, கால்விரல்களால் ஓட்டின் விளிம்பைப் பற்றியபடி அவள் நிற்பதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். நாலைந்து நீளம் போனதும் தோள் இளகும், கை நீளும், கரையில் நான் இருப்பதே அவளுக்கு மறந்துவிடும்.

இப்போதெல்லாம் பையை இரவே கட்டி, நீச்சலுடையின் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நீச்சலை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுவதாக இருந்தால், ஒரு சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசி விடலாம், நானும் மறுபேச்சுப் பேசமாட்டேன். நாலரை மணிக்குச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.