முடியாதுன்னு சொல்லிடுங்க!

2006-ல் என் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அதற்கு ஒரு விநோத வியாதி. நாலு வரி மெயில் அடித்தால் பறந்துவிடும். கூடவே ஒரு போட்டோவை இணைத்தால் போச்சு! போகவும் போகாது, 'போகலை' என்றும் சொல்லாது.

அடுத்த தெரு இளைஞர் ஒருவர் வந்தார். பிங் கட்டளையில் 'உடைக்காதே' என்ற குறியோடு 1472 பைட் அனுப்பினார். பதில் இல்லை. 1464 அனுப்பினார். டக்கென்று பதில். ''விலாசத்துக்கு 28 பைட் சேர்த்துக்குங்க சார், 1492. உங்க லைன் தாங்குறது அவ்வளவுதான்'' என்றவர், செட்டிங்கில் இருந்த 1500-ஐ அழித்து 1492 என்று போட்டார். போட்டோ போய்விட்டது!

எட்டு பைட்டுக்கா இத்தனை பாடு?

நாம் அனுப்புவதை எல்லாம் கம்ப்யூட்டர் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டுகிறது. வீட்டு ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். அந்த பிராட்பேண்ட் இணைப்போ ஒவ்வொன்றுக்கும் மேலே இன்னொரு உறை போடும். உறைக்கே எட்டு பைட் போய்விடும். 'உடைக்காதே' பொட்டலம் பெரிதாக இருந்தால் வழியிலுள்ள ரூட்டர் அதைக் கீழே போட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால், 'இது பெரிசு, எனக்கு இவ்வளவுதான் தாங்கும்' என்று அனுப்பியவருக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். 1990-லேயே எழுதிவைத்த முறை இது. என் விஷயத்தில், பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு ஃபயர்வால் அந்தச் சீட்டைத் தடுத்துவிட்டது. பாவம் கம்ப்யூட்டர், அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது!

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நம்மால் முடியாததை ஒருவர் கேட்கும்போது மௌனமாக இருப்பது நாகரிகமா, குற்றமா?

நாகரிகம் என்றுதான் பழகியிருக்கிறோம். பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று கிளம்பியவர்களில் எத்தனை பேர் லெட்டர் போட்டார்கள்? 'நேரா சொன்னா மனசு நோகுமே' என்பார்கள். முடியாது என்றால் நாலு நாள் நோகும். பதிலே வராவிட்டால்? தபால்காரர் வரும்போதெல்லாம் அந்தப் பெண் வாசலைப் பார்ப்பாள். தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடியில் தேடுவாள். நாம் காப்பாற்றியது அவள் மனசை அல்ல, நம் சௌகரியத்தை.

அந்தச் சீட்டில் இன்னொரு நல்ல விஷயம், மறுப்போடு அளவும் இருக்கும். 'ஐம்பதாயிரம் முடியாதுப்பா. ஐயாயிரம்னா நாளைக்கே தர்றேன்.' கேட்டவர் மீதிக்கு வேறு வழி பார்ப்பார் இல்லையா?

உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் வேலைக்குச் சிபாரிசு கேட்டான். 'பார்க்கலாம்' என்றேன். அப்புறம் அவன் போனை நான் எடுக்கவே இல்லை. மூணு மாசம் விடாமல் கூப்பிட்டு, பிறகு நிறுத்திவிட்டான். என்னை நம்பி அந்த மூணு மாசமும் அவன் வேறு யாரிடமும் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

செட்டிங்கை மாற்ற ஒரு நிமிஷம் ஆனது. அவனிடம் 'முடியாதுடா' என்று சொல்ல அதுகூட ஆகியிருக்காது.

உங்கள் போனிலும் நீங்கள் எடுக்காத நம்பர் ஒன்று இருக்கும். இன்றைக்கு நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.