துறப்பதும் போட்டுவைப்பதும்

கைப்பேசியிலோ கணினியிலோ பல மாதங்களாகத் திறக்காத ஒரு செயலி ‘புதுப்பிக்கவும்’ என்று கேட்டால், பெரும்பாலோர் தள்ளிவிட்டுப் போகிறோம். பயன்படுத்தாத பொருளுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது: ஒரு பொருளின் மேல் ஆசை போய்விட்டால், அதன் மேலுள்ள பொறுப்பும் போய்விடுமா? போகாது என்பதே என் முடிவு. நம்மிடம் இருக்கும்வரை அதைப் பராமரிக்க வேண்டும். வேண்டாமென்றால் முறையாக நீக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் போட்டுவைப்பது பற்றின்மை ஆகாது.

எம்.ரெட்டியபட்டி என்ற ஊரைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் வராத போர்வெல்லால் போட்டவருக்குப் பயனில்லை. ஆனால் அது வாய் திறந்து கிடக்கும்வரை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஆபத்து. அதனால்தான் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணும் கல்லும் போட்டுத் தரைமட்டம்வரை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. கணினியிலும் இதே கதைதான். 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல், விண்டோஸில் இருந்த பழைய கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியாக நுழைந்தது. பலருக்கு அந்த முறை தேவைப்படவே இல்லை. ஆனாலும் அது இயங்கிக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் தாம் கெட்டதோடு நிற்காமல் பிறவற்றுக்கும் பரப்பின. சேதம் 150 நாடுகளைத் தொட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. யாரோ ஒருவருடைய அலட்சியத்தின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். அதனால்தான் இதை வெறும் வசதிப் பிரச்சினை என்று ஒதுக்க முடியவில்லை.

என்றாவது தேவைப்படும் என்று வைத்திருப்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. யூனிகோடு பரவும் முன் பல எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளைப் படிக்கப் பழைய மென்பொருள் வேண்டியிருக்கிறது. அதற்கு வழியும் உண்டு: கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மென்பொருளை நீக்கலாம், மாற்ற முடியாதபோது இணையத் தொடர்பில்லாத கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதுப்பிப்பே நின்றுபோன மென்பொருளை இணையத்தோடு இணைத்து வைத்திருக்க நியாயமில்லை. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திய அடோபி நிறுவனமே, அதை நீக்கிவிடும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

பற்றை விட்டவனுக்குப் பொருளைப் பற்றிய கவலை எதற்கு என்பது இன்னும் ஆழமான மறுப்பு. அதற்குத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, பதிலாக நிற்கிறார். 1896-இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். தம்மைத் தேட வேண்டாம் என்று எழுதிய கடிதத்தில், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் குறிப்பிட்டு, மீதி இரண்டு ரூபாயை உடன் வைத்தார். எல்லாவற்றையும் விட்டுப் போகிறவர், தம் செயலால் இன்னொருவருக்குச் சிக்கல் வரக்கூடாது என்று பார்த்திருக்கிறார். அந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். வேண்டாத செயலியை நீக்கும் முன் அதில் தொடங்கிய கணக்கையும், கொடுத்த அனுமதிகளையும் முடித்துவிட வேண்டும். வைத்திருக்க முடிவு செய்தால் புதுப்பித்து வைக்க வேண்டும். நம்மிடம் இருப்பதால் பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதும் துறவில் அடங்கும்.